குடும்பப் பெயர் கண்ணியத் துறை

ஒரு மனிதனை அவன் பெயரைச் சரியாகச் சொல்லி மதிக்க வேண்டும் என்பதற்காக எங்கள் கம்பெனியில் ஒரு துறை தொடங்கினார்கள். குடும்பப் பெயர் கண்ணியத் துறை என்று அதற்குப் பெயர். அதன் செயலாளர் நான். ஆகவே நடந்த எல்லாவற்றுக்கும் ஆவணம் இருக்கிறது, ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து இருக்கிறது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குறை சொல்வதற்கு எங்களிடம் தனிப் படிவம் உண்டு.

என் பெயர் முகம்மது ரிபாய், ஊர் கீழக்கரை. துபாயின் ஜெபல் அலியில், ஸ்பெயினிலிருந்து டைல்ஸ் இறக்கி விற்கும் ஒரு கம்பெனியின் கிடங்கில் பன்னிரண்டு வருடமாக எச்.ஆர். கிளார்க். எங்கள் ஜெனரல் மேனேஜர் ரமோன் ஹாமெஸ். எழுத்தில் பார்த்தால் அது ஜேம்ஸ். அவருடைய கொள்ளுத்தாத்தா சுரங்கத்துக்கு ரயில் பாதை போட இங்கிலாந்திலிருந்து ஸ்பெயினுக்குப் போனவர். ஸ்பானிய நாக்கு ஜகரத்தைத் தொண்டைக்குள் இழுத்து ஹகரமாக வெளியே விடும். எழுத்தில் நிற்கிற உயிரெழுத்து ஒன்றையும் சும்மா போக விடாது. அப்படி நான்கு தலைமுறையாக அவர்கள் ஹாமெஸ். அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

துபாய்க்கு வந்த முதல் மாதம் ஒரு விருந்தில் இவர் "நான் ஹாமெஸ்" என்று கை நீட்ட, எதிரில் நின்ற வெள்ளைக்கார வங்கி அதிகாரி, "ஓ, ஜேம்ஸ் என்று சொல்ல வேண்டும்" என்று அவர் பெயரை அவருக்கே சொல்லிக் கொடுத்துவிட்டார். நாலு பேர் சிரித்தார்களாம். மறுநாள் காலை எங்கள் துறை பிறந்தது.

தொடக்க விழாவில் ஹாமெஸ் பேசியதை நான்தான் குறிப்பெடுத்தேன். "என் பெயரை என்னிடமிருந்தே பிடுங்கினார்கள். என் ஊழியர் ஒருவருக்கும் அது நேர விடமாட்டேன். இங்கே வேலை செய்யும் இருநூற்றுப் பதினான்கு பேரின் குடும்பப் பெயரையும் நானே என் வாயால் சரியாகச் சொல்வேன். சொல்லும்வரை ஓயமாட்டேன்." நாங்கள் கைதட்டினோம். பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினோம்.

துறைக்கு மாட்ரிட்டிலிருந்து ஓர் உச்சரிப்பு நிபுணர் வந்தார். டாக்டர் பெகோன்யா ஸ்மித். அந்த அம்மாளின் வாயில் அது எஸ்மித். 'ஸ்' என்று தொடங்க ஸ்பானிய நாக்குக்கு வராது, முன்னால் ஒரு எகரத்தைப் போட்டு அதன்மேல் சாய்ந்து கொள்ளும். எங்கள் பக்கம் இஸ்கூல், இஸ்டேசன் என்பது போலத்தான். எனக்கு அந்த அம்மாளைப் பார்த்ததும் ஊர்க்காரர் போலவே தோன்றியது. அந்தத் தவறை நான் பிறகு திருத்திக் கொண்டேன்.

விதிகள் இருபத்தெட்டு. முக்கியமானவை இரண்டு. ஒன்று, யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடக் கூடாது, அது அலட்சியம். குடும்பப் பெயரால்தான் கூப்பிட வேண்டும். இரண்டு, ஒருவருடைய குடும்பப் பெயரை ஜெனரல் மேனேஜர் பிழையில்லாமல் சொல்லி, டாக்டரின் கம்ப்யூட்டர் அதை ஏற்று, உச்சரிப்புச் சான்று வரும்வரை அந்த ஆள் பெயரில் எந்தக் கடிதமும் வெளியே போகக் கூடாது. தவறாகச் சொல்லப்பட்ட பெயரில் ஒரு மனிதனை அனுப்பி வைப்பது அவனை அவமதிப்பதாகும் என்று விதியின் கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது.

நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக நிற்கக் கூடாதே என்று தகப்பன் பெயரை எழுதி வைக்கிறோம். விளைவு என்னவென்றால், காலை ஆறு மணிக்குக் கிடங்கு வாசலில் சூப்பர்வைசர் அம்மார் பட்டியலை வாசிக்கும்போது ஊரில் இருக்கிற அப்பாக்கள் எல்லாம் டியூட்டிக்கு வந்தார்கள். "வீரபத்திரன்" என்பார் அம்மார். அருள்முருகன் கை தூக்குவான். வீரபத்திரன் அவன் அப்பா, செத்து எட்டு வருடம். "யல்லா வீரபத்திரன், ஜல்தி" என்று அம்மார் அதட்டும்போது அருள்முருகன் காது சிவந்து போகும். ஊரில் ஒருத்தனை அப்பன் பேர் சொல்லி அதட்டினால் அன்றைக்கே அரிவாள் வரும். இங்கே "யெஸ் சார்" வந்தது.

என்னையும் விடவில்லை. சதக்கத்துல்லா என்பது என் வாப்பா. ஸ்பானியக் கணக்கில் இரண்டு எல் சேர்ந்தால் யகரம், கடைசி எச் ஊமை. வாப்பா மவுத்தாகி ஒன்பது வருடம் கழித்து ஜெபல் அலியில் 'சதகதுயா' ஆனார்கள். ஆபீஸில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தப் பெயர் கேட்கும், நாற்பது தடவையும் எனக்கு ஒரு கணம் நெஞ்சு நின்று ஓடும். எனக்குச் சான்று சீக்கிரம் கிடைத்துவிட்டது. 'சதகதுயா' சரிதான் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், நான் என்ன செய்ய.

இனி சேதுபதிக்கு வருகிறேன். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெட்டி தூக்கி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன். ஆறு வருடத்தில் ஒரு டைல்ஸ் பெட்டிகூட உடைத்ததில்லை. அவன் அப்பா அழகர்சாமி. புது விதி வந்த முதல் வாரம் அம்மார் "அழகர்சாமி" என்று கத்த, இவன் அசையாமல் நின்று இரண்டு நாள் ஆப்சென்ட் வாங்கினான். பிறகு என்னிடம் வந்து, "பாய், அவரு எங்கப்பா. அவரு எதுக்கு இங்க வரணும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பதினொன்றாம் விதியின் கீழ் அதை ஆலோசனைப் பெட்டியில் போடச் சொன்னேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அவன் வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு என் மேசைக்கு வந்தான். கையில் போன் இருந்தது.

"பாய், அப்பாவ மதுர ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டுட்டு வந்துட்டாக. இனிமே வச்சிருந்து பிரயோசனம் இல்லன்னு சொல்லிட்டாகளாம். பேச்சு நின்டு போச்சு. கண்ணத் தொறந்து தொறந்து வாசலப் பாக்குறாராம். நா போகணும் பாய். ஒரே மகன். ஒரு பத்து நாள் லீவு போட்டுக் குடுங்க."

"எத்தன நாள் தாங்கும்னு சொன்னாங்க தம்பி?"

"நாலு நாளு, அஞ்சு நாளும்பாக."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். லீவுப் படிவத்தில் சான்று எண் கேட்கும் கட்டம் சிவப்பாக மின்னியது. அழகர்சாமி நிலுவைப் பட்டியலில் இருந்தார். சான்று எண் இல்லாமல் லீவு இல்லை, லீவுக் கடிதம் இல்லாமல் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட் எடுக்க முடியாது. பாஸ்போர்ட் எல்லாம் எங்களிடம்தான் இருந்தன, அவரவர் நன்மைக்காக.

அவசரம் என்று சொன்னதும் அன்று மாலையே கூட்டம் போட்டார்கள். அந்த வகையில் துறையைக் குறை சொல்ல முடியாது. ஹாமெஸ் எழுந்து வந்து சேதுபதியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கொண்டார். கண் கலங்கியிருந்தது. பொய்க் கலக்கம் இல்லை.

"உங்கள் தந்தை மரணப் படுக்கையில் இருக்கிறார். இந்த நேரத்தில் அவர் பெயரைத் தவறாகச் சொல்லி உங்களை அனுப்பினால் நான் மனிதனே இல்லை" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். சேதுபதி என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"எப்பிடி வேணா கூப்பிடச் சொல்லுங்க பாய். நாயின்னுகூடக் கூப்பிடட்டும். போக விட்டாப் போதும்."

நாயை விட்டுவிட்டு மீதியை மொழிபெயர்த்தேன். அதுவே டாக்டர் எஸ்மித்தை உலுக்கிவிட்டது. எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ஒருவன் சொல்வது சுயமதிப்புக் குறைபாட்டின் முற்றிய நிலை என்றார். ஒன்பதாம் விதிப்படி அப்படிப்பட்டவருக்கு முதலில் இரண்டு மணி நேரப் பயிற்சி தர வேண்டும். சேதுபதியைக் கண்ணாடி முன் உட்கார வைத்து, "என் குடும்பப் பெயருக்கு நான் தகுதியானவன்" என்று இந்தியில் ஐம்பது முறை சொல்லச் சொன்னார்கள். அவன் சொன்னான். நடுநடுவே போனைப் பார்த்ததால் பத்து முறை கூடுதலாகச் சொல்ல நேர்ந்தது. திங்கட்கிழமை அப்படிப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவு. பெயருக்கு உரியவர் வாயிலிருந்தே முப்பது முறை பதிவு எடுக்க வேண்டும், அதைக் கேட்டுத்தான் ஹாமெஸ் பழகுவார். கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் சேதுபதி நின்றான்.

"பாய், அப்பா பேர நா எப்பிடிங்க வாய்விட்டுச் சொல்றது? பொறந்ததுலேர்ந்து சொன்னதில்ல. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு கேட்டப்பகூட கைகட்டித்தான் சொல்லிருக்கேன்."

"இப்பவும் கைய கட்டிக்கிட்டு சொல்லுங்க தம்பி. மைக்குக்குத் தெரியாது."

கையைக் கட்டினான். குனிந்து கொண்டு, "அழகர்சாமிங்க" என்றான். முப்பது முறையும் 'ங்க' போட்டான். போடாமல் சொல் என்று நான் கெஞ்சினேன். ஒரு தடவை முயன்று பார்த்தான், பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் "அழகர்சாமிங்க" என்றான். சாயங்காலம் கம்ப்யூட்டர் முப்பதையும் திருப்பி அனுப்பியது. பதிவில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைவிட நீளமாக இருக்கிறதாம். ஆள்மாறாட்டமாக இருக்கலாம் என்று ஒரு விசாரணைக் குறிப்பையும் இணைத்திருந்தது. அந்தக் குறிப்புக்கு விளக்கம் எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்பும்போது மணி ஏழு.

புதன்கிழமை ஹாமெஸ் நேரடியாகவே களத்தில் இறங்கினார். டாக்டர் ரப்பரில் செய்த ஒரு நாக்கை மேசைமேல் வைத்து ழகரத்துக்கு அது எப்படி மடங்கும் என்று காட்டினார். சேதுபதி வாயைத் திறந்து நின்றான், டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஹாமெஸ் கோட்டைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தார். அத்தாகார்சாமி. ஆராகார்சாமி, ஜன்னல் கண்ணாடி அதிரும்படி. அயாகார்சாமி. வேர்த்து ஊற்றியது. நல்ல மனிதர், விடவில்லை. பதினெட்டாவது முறையோ பத்தொன்பதாவது முறையோ "அளகர்சாமி" என்றார்.

சேதுபதி துள்ளிவிட்டான். அந்த வாரத்தில் அவன் முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இதேதான் பாய். எங்க ஊர்ல எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாக. எங்கப்பாவே இப்பிடித்தான் சொல்லுவாரு. கரெக்டுன்னு சொல்லுங்க, கரெக்ட்டு."

டாக்டர் தலையை ஆட்டினார். புத்தகத்தில் ழகரம் என்று இருக்கிறது, இவர் சொன்னது ளகரம். "உங்கள் ஊர் தவறாகச் சொல்கிறது. உங்கள் தந்தையும் தம் பெயரைத் தவறாகத்தான் சொல்லி வந்திருக்கிறார். சரியான வடிவத்தை நாங்கள் உங்களுக்குக் கற்றுத் தருகிறோம்" என்றார்.

நான் ஹாமெஸைப் பார்த்தேன். விருந்தில் கை நீட்டி நின்ற ஞாபகம் இந்த மனிதருக்கு வராமலா போகும் என்று நினைத்தேன். ஒரு கணம் வந்தது போலவும் இருந்தது. பிறகு அவர், "தரத்தில் சமரசம் கிடையாது" என்று சொல்லிவிட்டு மறுபடி நாக்கை மடக்கினார். மடக்கிய இடத்தில் அது பிடித்துக் கொண்டது. பேச முடியாமல் கையைக் காலை ஆட்டினார். கம்பெனி டாக்டர் வந்து பார்த்து நாக்குத் தசைப்பிடிப்பு என்று எழுதிக் கொடுத்தார். வியாழன் முழு நாளும் ஜெனரல் மேனேஜருக்கு மருத்துவ விடுப்பு. அந்த லீவை நான்தான் போட்டேன், நாலு நிமிடம் ஆயிற்று. அவருடைய சான்று எண் ஒன்று.

வியாழக்கிழமை காலை சேதுபதி என் மேசை முன் வந்து நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அருள்முருகன் சொல்லியிருந்தான்.

"பாய், ராத்திரி போன்ல காட்டுனாக. அப்பாவுக்குக் கண்ணு மட்டுந்தான் அசையுது. ஒங்க கால்ல விழுறேன். பாஸ்போர்ட்ட மட்டும் எடுத்துக் குடுங்க. நா ஓடிப் போயிர்றேன்."

"ஓடிப்போனவன்னு எழுதிருவாங்க தம்பி. அப்புறம் இந்தப் பக்கமே திரும்ப முடியாது. நாளைக்கு எப்படியும் முடிச்சிரலாம், நான் பேசுறேன்."

சொன்னது பொய் இல்லை. ஆனால் அலமாரிச் சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அவன் திரும்பத் திரும்ப அதைப் பார்த்தான், நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவனுக்காகத்தான் பயப்படுகிறேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். எனக்காகத்தான் பயந்தேன். இதற்கு ஆவணம் கிடையாது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம். ஹாமெஸ் வாயோரம் பஞ்சு வைத்திருந்தார், ஆனாலும் உற்சாகமாக இருந்தார். வியாழன் முழுக்கப் படுக்கையில் விதிகளைப் படித்ததில் அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. பதினான்காம் விதி. புத்தகமும் ஊரும் வேறுபட்டால், அந்தப் பெயரை அதிக வருடம் அழைத்த ஒருவர் சொல்வதே முடிவு. ழகரமோ ளகரமோ, அவர் சொன்னால் அதுதான் சட்டம், உடனே சான்று கொடுத்துவிடலாம்.

"ஒரு மனிதனின் பெயரை அதிகம் அழைப்பது யார்? அவன் மனைவி. என் மனைவி காலையிலிருந்து இரவுவரை ஹாமெஸ், ஹாமெஸ் என்றுதான் கத்துகிறாள். இவருடைய தாயார் உயிரோடு இருக்கிறார் அல்லவா? அவர் ஒரே ஒரு முறை சொல்லட்டும். மகன் இன்று மாலை விமானத்தில் போகட்டும்" என்றார்.

நான் எழுந்தேன். துறையில் நான் எழுந்து பேசிய ஒரே சந்தர்ப்பம் அது. எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் ஐயா, அந்தத் தலைமுறை சாகும்வரை சொல்லாது என்றேன்.

"எத்தனை வருடத் திருமணம்?"

"நாற்பத்திரண்டு."

"நாற்பத்திரண்டு வருடமாகக் கணவனை எப்படிக் கூப்பிட்டார்?"

"இந்தாருங்க என்பார்கள். இல்லையென்றால் வளையலை ஆட்டுவார்கள்."

டாக்டர் எஸ்மித் பேனாவை எடுத்து நோட்டில் 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதினார். ஹாமெஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்படியானால் இது வெறும் சான்று அல்ல. நாற்பத்திரண்டு வருடமாக அடைபட்டுக் கிடந்த ஒரு பெண்ணின் குரலை இன்று நம் கம்பெனி திறந்து விடுகிறது. இதை ஆண்டறிக்கையில் சேருங்கள்" என்றார்.

சுவரில் இருந்த பெரிய திரையில் வீடியோ போட்டார்கள். அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தது சேதுபதியின் மனைவி அருணா. வீட்டுக்குள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கட்டிலில் ஒரு மனிதர் கிடந்தார், எலும்பும் வேட்டியுமாக. கண் பாதி திறந்திருந்தது. பக்கத்தில் தரையில் நாகவள்ளி அம்மா, சேதுபதியின் தாயார். திரையில் மகனைப் பார்த்ததும், "கெளம்பிட்டியாய்யா?" என்றார்.

சேதுபதி என் பக்கம் திரும்பினான். நான் சொன்னேன். முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். அம்மா, நீங்க ஒருவாட்டி உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லணும். சொன்னா தம்பியை அனுப்பிருவாங்க.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். புரிந்திருந்தது.

"அவுக பேரையா? நானா?" என்றார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பேரச் சொன்னா அவுகளுக்கு ஆயுசு கொறையும்பாகளே தம்பி. கெடக்குற கெடையில நாஞ் சொல்லலாமா?"

மொழிபெயர்த்தேன். அதற்கு மருத்துவ ஆதாரம் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று அவரே பதில் சொல்லி, தொடரலாம் என்று கையைக் காட்டினார்.

"ஆத்தா, வேணாம் ஆத்தா. விடு" என்றான் சேதுபதி.

"நீ சும்மா இருய்யா. அவுக ஒன்னயத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்காக." பிறகு என்னைப் பார்த்து, "சொன்னா எம் மகன விட்டுருவீகளா தம்பி? நெசமாவா?" என்றார்.

நான் ஹாமெஸைக் கேட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். நெசம்தான் அம்மா என்றேன்.

சேலைத் தலைப்பால் வாயை மூடிக் கொண்டு முதல் தடவை ஏதோ சொன்னார். துணி ஒலியைத் தடுக்கிறது என்றார் டாக்டர். தலைப்பை எடுத்துவிட்டு இரண்டாம் தடவை சொன்னார். பாதியில் அழுகை வந்துவிட்டது. அழுகை உயிரெழுத்துகளை நீட்டிவிடுகிறது, தயவுசெய்து இயல்பான குரலில், என்றார் டாக்டர். இதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அழாமச் சொல்லுங்கம்மா என்றேன். அந்த வார்த்தையை என் வாய்தான் சொன்னது.

நாகவள்ளி அம்மா முகத்தைத் துடைத்துக் கொண்டார். திரையை விட்டுத் திரும்பி, கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, அந்த மனிதரின் காதோரம் குனிந்து, அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறவள் மாதிரி தெளிவாக, நிதானமாக, "அளகர்சாமி" என்றார்.



ஐந்து நாளாகப் பேச்சில்லாமல் கிடந்தவர் கண்ணை முழுசாகத் திறந்தார். வாசலைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்தார். "இந்தா வாரேன்" என்றார்.

அருணா கையில் போன் ஆடியது. யாரோ பெண்கள் குரல் எடுத்தார்கள். சேதுபதி திரையின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, "அப்பா, அப்பா" என்று கொண்டிருந்தான். ஹாமெஸ் கண்ணைத் துடைத்துக் கொண்டார், மற்றவர்கள் கைதட்டினார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். ளகரம் உறுதி, உயிரெழுத்து அளவு பிரமாதம், இவ்வளவு சுத்தமான பதிவு துறைக்கு இதுவரை கிடைத்ததில்லை என்றார். நான் சான்று எண்ணை எழுதப் பேனாவைத் திறந்தேன்.

"ஆனால் முடிவில் ஓர் ஆண் குரல் கலந்திருக்கிறது" என்றார்.

இரண்டாவது குரல் இருந்தால் பதிவு செல்லாது. இருபத்தொன்றாம் விதி. இன்னொரு முறை அமைதியான அறையில் எடுக்கலாம் என்றால், வெள்ளிக்கிழமை, அரை நாள் ஆபீஸ் முடிந்துவிட்டது. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக இதையே எடுத்துக் கொள்வோம் என்று ஹாமெஸ் சேதுபதியின் தோளைத் தட்டினார். "உங்கள் தந்தை பேசிவிட்டார். நல்ல அறிகுறி. எங்கள் முயற்சி வீண் போகவில்லை" என்றார்.

நான் ஜும்மாவுக்குப் போனேன். தொழுகை முடிந்து செருப்பை மாட்டும்போது அருள்முருகன் போன் செய்தான். பன்னிரண்டரைக்கே முடிந்துவிட்டதாம். அந்த அம்மா யார் சொல்லியும் கேட்காமல், "நாஞ் சொல்லிப்புட்டேனே, நாஞ் சொல்லிப்புட்டேனே" என்று சுவரில் தலையை முட்டிக் கொண்டிருப்பதாகச் சொன்னான். நான் பள்ளிவாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாவிடம் அழாமல் சொல்லச் சொன்னவன் நான்.

சனிக்கிழமை சாயங்காலம்வரை ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். சேதுபதி தொழிலாளர் கேம்ப் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்தான். ரூமில் இருந்த எட்டுப் பேரும் எழுந்து நின்றார்களாம். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது.

திங்கட்கிழமை காலை அவனே வந்தான். தலை மழித்திருந்தான். காரியத்துக்காவது போக வேண்டும் என்றான். சிவப்புக் கட்டம் அப்படியேதான் மின்னிக் கொண்டிருந்தது. டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். ஆழ்ந்த இரங்கலோடு பதில் வந்தது. துக்கம் உள்ள வீட்டில் மறு பதிவு கேட்பது கண்ணியமாகாது, ஆகவே துறை ஒரு சலுகை தருகிறது, இருக்கிற பதிவையே ஏற்றுக் கொள்ளலாம். குறுக்கிட்ட இரண்டாவது குரல் இனி குறுக்கிடாது என்று பெயருக்கு உரியவர் எழுத்து மூலம் உறுதி தந்தால் போதும். படிவத்தையும் இணைத்திருந்தார்கள்.

படிவத்தை அவன் முன்னால் வைத்து, என்ன எழுத வேண்டும் என்று சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கினான். கட்டத்துக்கு வெளியே போகாமல், ஒரு டைல்ஸ் பெட்டியை இறக்கி வைக்கிற கவனத்தோடு, தமிழிலேயே எழுதினான்:

'அந்தக் குரல் இனிமேல் வராது.'

கீழே கையெழுத்துப் போட்டான். நான் மொழிபெயர்த்து, முத்திரை வைத்து, அனுப்பினேன். பதினோரு நிமிடத்தில் சான்று வந்தது.